ஏழு குழிக்கு ஒரு வாட்ச்

சிங்கராயரிடம் பதினோரு வாட்ச் இருந்தது. பதினொன்றும் வேறொருவன் கட்டிக் கழற்றியது. ஒன்று கரும்பு லாரி ஓட்டியவனிடம் வாங்கியது. ஒன்று நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டர், வேலையை விட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பிய அன்று, பழைய சைக்கிளுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. எந்த வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தாலும் பின்மூடியின் ஓரத்தில் முன்னாள் கையின் அழுக்கு கறுத்துக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாலும் முழுக்கப் போகாது. கண்ணாடியின் மேல் ஒட்டிய தாளை உரித்துவிட்டு, முதல் ஆளாகப் புது வாட்ச் ஒன்றைக் கட்டுவது என்பது இந்த நாற்பத்தாறு வயதில் அவருக்கு ஒரு தடவைகூட வாய்க்கவில்லை.

அதனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது தை மாதத்து அந்தப் புதன்கிழமை, சேர்வராயன் மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் முகம் மழித்துக்கொண்டு, கன்னத்தில் இரண்டு வெட்டோடு ஏரிக்கரை லாட்ஜின் மாடிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

சிங்கராயர் பாக்சைட் சுரங்கத்தில் வெடிக்காரர். பன்னிரண்டு வயதில் கூடையில் கல் சுமந்தவர்; பத்தொன்பது வருடமாகத் திரிக்கு நெருப்பு வைக்கிறார். வெடிக்காரனுக்கு வாட்ச் அழகுக்கு இல்லை. திரி எரிந்து மருந்தைத் தொடுவதற்குள் அவன் பாறை மறைவுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்வது விநாடி முள். வேலைக்காக ஒன்று வாங்கினார். அது அதிர்ச்சியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று இரண்டாவது வாங்கினார். மூன்றாவது வாங்கியதற்குக் காரணம் எதுவும் இல்லை. அங்கேதான் பைத்தியம் பிடித்தது.

அதே பைத்தியம் பிடித்தவர்கள் மலையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மாதத்தில் ஒரு நாள் இந்த மாடியில் கூடி, ஒருவர் வாட்ச்சை ஒருவர் பிரித்துப் பார்ப்பார்கள். கடைவீதியில் இவர்களுக்கு ‘முள்ளு சங்கம்’ என்று பெயர்.

முதலில் அங்கப்பன் வந்தார். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், மலையில் வீடு உண்டு, நாற்பது வாட்ச். பின்னாலேயே பொன்னுவேல், வாழவந்தியில் காப்பியும் மிளகும் போட்டிருக்கும் மலைக்காரர். கடைசியாக ஆஸ்பத்திரி நர்ஸ் மல்லிகா, இரவு டியூட்டி முடித்து வெள்ளைச் சேலையோடு அப்படியே வந்தாள். நாடி பிடிக்க வாங்கிய ஒரு வாட்ச்சில் தொடங்கி இப்போது அவளிடம் ஒன்பது.

“சிங்கராயண்ணா, பொண்ணு பாக்கப் போறாப்பல வந்திருக்கீங்க,” என்றாள்.

“ஆமாங்கம்மா. பொண்ணு சேலத்துல இருந்து பெட்டியில வருது.”

பெட்டியோடு வந்தவர் தங்கராஜ். சேலத்துக் கடைக்காரர். வால்மோர் என்ற ஸ்விட்சர்லாந்து கம்பெனியின் ஏஜென்சியைப் புதிதாக எடுத்திருந்தார். மேஜையில் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, பெட்டியைத் திறந்து, ஐந்து வாட்ச்சை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கீழே பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்தது மட்டும் கேட்டது.

முதலாவது தங்கத்தில், ஒரு ரூபாய்க் காசு கனம்கூட இல்லாமல் இருந்தது. அங்கப்பன் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “இத்தன மெல்லிசுல எப்படிரா சக்கரத்த அடுக்குனான்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டாவதில் நிலா வளர்வதும் தேய்வதும் டயலில் ஒரு ஓட்டை வழியாகத் தெரிந்தது. பொன்னுவேல் அதை விடவில்லை. அமாவாசை என்றைக்கு என்று கேட்டு, பக்கவாட்டுக் குமிழைத் தங்கராஜைத் திருகவைத்து, நிலா மறைவதை மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது பெண்களுக்கானது. மல்லிகா எடுத்துப் பார்த்துவிட்டு உடனே வைத்துவிட்டாள். “இதுல விநாடி முள்ளே இல்லீங்க. பொம்பளைக்கு விநாடி வேண்டாம்னு எவன் சொன்னான்?” நான்காவது கடலுக்குள் முங்குகிறவன் கட்டுவது. அதன் எடையைப் பார்த்து அங்கப்பன், “இதக் கட்டிக்கிட்டு முங்குனா மேல எப்படிங்க வர்றது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கைகள் துணிக்கு மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. லென்ஸுக்கு அடிபிடி நடந்தது. காப்பி வந்து ஆறிப்போனது, ஒருவரும் தொடவில்லை.

ஐந்தாவதைத் தங்கராஜ் கடைசிவரை கைக்குட்டையால் மூடி வைத்திருந்தார்.

இரும்பு நிறத்தில் பட்டையான உடம்பு, வெள்ளை டயல், நீளமான சிவப்பு விநாடி முள். கண்ணாடியின் மேல் தாள் உரிக்கப்படாமல் இருந்தது.

“பேட்டரியிலே ஓடறதுங்க. சாவி குடுக்கற வேலையே கிடையாது. மாசத்துக்கு அஞ்சு விநாடி முன்னப்பின்ன போனா அதிகம்.”

“நாளைக்கா மாசத்துக்கா?” என்றார் அங்கப்பன்.

“மாசத்துக்குங்க.”

பொன்னுவேல் மெல்ல விசில் அடித்தார். பேட்டரி வாட்ச் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்களே தவிர, அவர்களில் ஒருவரும் கையால் தொட்டதில்லை. சிவப்பு முள் வழுக்கிக்கொண்டு ஓடவில்லை. விநாடிக்கு ஓர் எட்டு என்று நின்று நின்று தாவியது. சிங்கராயருக்கு வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு இரண்டு காதும் மந்தம். எந்த வாட்ச்சானாலும் பல்லில் கடித்துத்தான் ஓட்டத்தைப் பார்ப்பார். எலும்பு வழியாக அதிர்வு ஏறும். பழக்கத்தில் இதையும் எடுத்து வாயில் வைத்தார்.

“ஏனுங்க, அது திங்கற சாமான் இல்லீங்க,” என்று தங்கராஜ் பாதி எழுந்துவிட்டார்.

சிங்கராயர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கண்ணை மூடினார். கடைவாய்ப் பல்லில் விநாடிக்கு ஒரு தட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை. அவருடைய வாட்ச்சுகள் எல்லாம் சோளப்பொரி மாதிரி பொரிந்துகொண்டே இருக்கும். இது பாரம் சுமக்கிறவன் படி ஏறுவது மாதிரி அளந்து அளந்து கால் வைத்தது. வெளியே எடுத்துச் சட்டையில் இரண்டு தடவை துடைத்தார்.

“இதுல சேதி ஒண்ணு இருக்குங்க,” என்று தங்கராஜ் ஒரு கடிதத்தைப் பிரித்தார். இந்த மாடலில் ஒன்றைக் கடுமையான வேலை செய்கிற ஓர் ஆளிடம் ஒரு வருடம் கொடுத்துவைக்க வேண்டும் என்று கம்பெனி எழுதியிருந்தது. மாதம் ஒரு தடவை எப்படி ஓடுகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். வருடம் முடிந்தால் வாட்ச் அவருக்கே. யார் என்பதைத் தங்கராஜ் முடிவு செய்யலாம்.

மாடி சந்தைக் கடையாகிவிட்டது.

“பட்டறையில உலை இருக்குது, ஆசிட் இருக்குது. அதவிட என்ன கடுமை வேணும்?” என்றார் அங்கப்பன்.

“உலைக்கிட்ட நீங்க எங்க போறீங்க? சேர்ல உக்காந்து எட போடறீங்க,” என்றாள் மல்லிகா. “நான் ஒரு நாளைக்கு அறுபது நாடி பிடிக்கிறேன். கொதிதண்ணி, டெட்டால், ரத்தம். எந்நேரமும் கை ஈரம்.”

பொன்னுவேல், “எனக்கு ஒரு கடுமையும் இல்லீங்க. கட்டிக்கிட்டு சேர்வராயன் கோயில் திருழாவுக்குப் போவோணும், அவ்வளவுதான்,” என்று உண்மையைச் சொல்லிப் போட்டியிலிருந்து விலகினார்.

சிங்கராயர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஆள். “நான் தினம் நாலு மணிக்கு ஏழு குழி வெடிக்கிறேங்க. பாறையில தொளை போடற ஜாக்கி மிஷின் புடிச்சாக் கை தோள்வரைக்கும் ஆடும். போன வருசம் மட்டும் மூணு வாட்ச்சுக்கு உள்ளாற ஊசி ஒடைஞ்சு போச்சு.”

“உங்க கையே போச்சுன்னா வாட்ச்சும் சேந்து போகுமுங்களே,” என்றார் அங்கப்பன்.

“கை போனா வாட்ச்ச மட்டும் தேடி எடுத்துக்கங்க. பின்னால நம்பர் இருக்குது.”

தங்கராஜ் சிரித்தாலும் யோசித்தார். ஒரு வெடிக்காரர் கையில் இந்த வாட்ச் ஓடியது என்று கம்பெனிக்கு எழுதினால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்தது. நர்ஸும் நல்ல ஆள்தான். “இன்னிக்கு நாலு மணிக்கு நாங்க வந்து பாக்கலாமுங்களா?” என்றார். “ஓடிச்சுன்னா உங்களுக்கு. நின்னுபோச்சுன்னா நர்சம்மாவுக்கு.”

“நின்னுபோன வாட்ச் எனக்கு எதுக்குங்க?” என்றாள் மல்லிகா.

“உங்களுக்கு வேற பீஸ் வரவழைச்சுத் தர்றேங்க.”

மூன்றரை மணிக்கு அங்கப்பனின் ஜீப் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிங்கராயர் முன்னாலேயே வந்து ஏழு குழியிலும் மருந்து கெட்டித்து முடித்திருந்தார். செம்மண் தலைமுடி வரை ஏறியிருந்தது. மேஸ்திரி பெருமாள் வந்தவர்களை ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் நிறுத்தி, “இதத் தாண்டித் தலைய நீட்டுனா தலைக்கு நான் பொறுப்பில்ல,” என்று சொல்லிவிட்டுச் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு போனான்.

சிங்கராயர் கையைக் கழுவி, வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். தங்கராஜ் தாளை உரித்து, வாட்ச்சைக் கட்டிவிட்டார். பட்டை சில்லென்று இருந்தது. புதுத் தோல் பட்டையின் வாசனை வந்தது. வேறு எவன் வாசனையும் அதில் இல்லை. சிங்கராயர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டது மாதிரி நின்றார்.

“உங்க வாட்ச்ச அந்தக் கையில கட்டிக்கங்கண்ணா,” என்றாள் மல்லிகா.

“வேண்டாங்கம்மா. ரெண்டு இருந்தா ரெண்டும் ரெண்டு சொல்லும். நெருப்பு வச்சுக்கிட்டு எதுகூடன்னு பேசறது?” பழைய வாட்ச்சைக் கழற்றி அவளிடமே கொடுத்தார். “நீங்க இதுல பாத்துக்கிட்டு இருங்க.”

பெருமாள் மூன்று விசில் அடித்தான். குழியிலிருந்து ஆட்கள் ஏறிப் போனார்கள். சிங்கராயர் மட்டும் இறங்கினார்.

அவருடைய கணக்கு எளிது. திரி எரிய இரண்டரை நிமிடம். மறைவுக்கு நடந்து சேர ஒன்றேகால் நிமிடம். முதல் திரியைப் பற்றவைத்ததிலிருந்து விநாடி முள் ஒரு சுற்று வருவதற்குள் ஏழையும் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மிச்சத்தை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ஓடக் கூடாது. ஓடுகிறவன் விழுவான்.

இதற்கு மணி எத்தனை என்பது தேவையில்லை. ஆகவே தினமும் நெருப்புக்கு முன்னால் குமிழை வெளியே இழுத்து, பெரிய முள்ளைப் பன்னிரண்டில் கொண்டுவந்து வைப்பார். எத்தனை நிமிடம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். மேலே போய்ச் சரியான மணிக்குத் திரும்பத் திருப்ப வேண்டும் என்பதால் குமிழை உள்ளே தள்ளாமல் அப்படியே விட்டுவிடுவார். அவருடைய பதினோரு வாட்ச்சும் குமிழ் வெளியே இருந்தாலும் நிற்காமல் ஓடுகிறவை. பத்தொன்பது வருடப் பழக்கம்; மூளையைக் கேட்காமல் விரலே செய்துவிடும்.

இன்றைக்கும் செய்தது. குமிழ் ஒரு சின்ன ‘டக்’ உடன் வெளியே வந்தது. வெளிநாட்டுச் சாமான் எத்தனை வழுவழுப்பு என்று நினைத்துக்கொண்டே பெரிய முள்ளைப் பன்னிரண்டில் வைத்தார். பீடியை இழுத்து அதன் நுனி நெருப்பை ஊதினார். விநாடி முள் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை. முப்பத்தைந்து. அதை மனதில் முடிந்துகொண்டு முதல் திரியில் பீடியை வைத்தார்.

சீறிப் பற்றியது. இரண்டாவது. மூன்றாவது. கால்கள் தாமாக இடம் மாறின. புகை மஞ்சளாக எழுந்து கண்ணைக் கரித்தது. நாலாவது பற்றியதும் வழக்கம்போல மணிக்கட்டைத் திருப்பினார்.

முப்பத்தைந்து.

ஒரு சுற்று முடிந்துவிட்டதா? கால்கள் இல்லை என்றன. நாலு குழிக்கு அரை நிமிடம்தான் ஆகும். அது கால்களுக்குத் தெரியும். புகையை ஊதி விலக்கி மறுபடி பார்த்தார். சிவப்பு முள் தாவவில்லை. பல்லில் வைத்துப் பார்க்க நேரமில்லை. அவருக்கு முன்னால் நாலு திரி எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு எரிந்தது என்று சொல்ல உலகத்தில் ஆள் இல்லை.

பீடியைத் துப்பிவிட்டுத் திரும்பினார். மூன்று குழியை விட்டுவிட்டு நடந்தார். உடம்பு முழுவதும் ஓடு என்றது. நடந்தார். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று சத்தமாக எண்ணிக்கொண்டே செம்மண் சரிவில் கால் பதித்து ஏறினார். எண்பதில் பாறை மறைவு வந்தது. முதுகை ஒட்டி உட்கார்ந்து காதைப் பொத்தினார்.

நூற்றுப் பன்னிரண்டில் முதல் வேட்டு. பாறை முதுகில் உதைத்தது. இரண்டு, மூன்று. மேலே கல் பறந்து தகரக் கொட்டகையில் கொட்டியது. நாலு. அதற்குப் பிறகு மண் சரியும் சத்தம் மட்டும்.

அவர் மேலே வந்தபோது அங்கப்பனும் பொன்னுவேலும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்கள். வெடியை இத்தனை பக்கத்தில் அவர்கள் பார்த்ததில்லை. மல்லிகா மட்டும் அவர் வாட்ச்சைக் கையில் பிடித்தபடி முறைத்தாள். “முப்பத்தாறு விநாடியிலயே கெளம்பிட்டீங்க. நாலுதான் வெடிச்சுது. ஏனுங்கண்ணா?”

“நின்னுபோச்சுங்கம்மா.”

தங்கராஜின் முகம் சுண்டிப்போனது. வாட்ச்சைக் கழற்றி வாங்கினார். பார்த்தார். பிறகு பெருவிரலால் குமிழை அமுக்கினார். டக். சிவப்பு முள் தாவத் தொடங்கியது.

“ஏனுங்க, இத வெளிய இழுத்தீங்களா? இழுத்தா நிக்கும்ங்க. மணி திருப்பறதுக்காக நிக்கறாப்பலயே செஞ்சிருக்கான்.”

விஷயம் புரிந்ததும் பொன்னுவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சேலத்துல இருந்து வந்த பொண்ண முதல் நாளே மூக்கப் புடிச்சு மூச்ச நிறுத்திப் போட்டீங்க.”

“சிரிக்காதீங்க,” என்றாள் மல்லிகா. “ஆள் செத்திருப்பாரு.” தங்கராஜ் பக்கம் திரும்பினாள். “இத நீங்க காலையில சொல்லோணுமா வேண்டாமா?”

“எனக்கு எப்படிங்கம்மா தெரியும், இவரு நெருப்பு வைக்கறதுக்கு முன்னால மணி திருப்புவாருன்னு?” என்ற தங்கராஜ் வாட்ச்சைப் பெட்டிக்குக் கொண்டுபோனார். “போவட்டும்ங்க. உங்க வேலைக்கு இது ஒத்துவராது. நர்சம்மாவுக்கே குடுத்தர்றேன்.”

சிங்கராயர் பாறையில் உட்கார்ந்தார். வெடித்த பின் அரை மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது. அதன் பிறகு மிச்சம் மூன்றையும் அவர்தான் வெடிக்க வேண்டும். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் மண் படாமல் வெளுப்பாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றது எங்கே என்று யோசித்தார். முப்பத்தைந்தில். இழுத்தபோது அங்கே இருந்தது, அங்கேயே நின்றது. பன்னிரண்டில் இருக்கும்போது இழுத்திருந்தால் பன்னிரண்டில் நின்றிருக்கும். அவர் எப்போது அமுக்குகிறாரோ அப்போது அங்கிருந்து கிளம்பும்.

விருட்டென்று எழுந்தார்.

“தங்கராசுங்க, அத இப்படிக் குடுங்க.”

“எதுக்குங்க?”

“குடுங்க சொல்றேன்.” வாங்கினார். சிவப்பு முள் பன்னிரண்டுக்கு வரும்வரை பார்த்திருந்து இழுத்தார். நின்றது. “பத்தொம்பது வருசமா முப்பத்தஞ்சுல ஆரம்பிச்சேனா, நாப்பத்தெட்டுல ஆரம்பிச்சேனான்னு பொகைக்குள்ள கூட்டிக் கழிச்சுச் சாகறேனுங்க. இப்பப் பாருங்க.” ஒரு கையில் பீடி வைப்பது மாதிரி காட்டி, மறு கையின் பெருவிரலால் அமுக்கினார். முள் பன்னிரண்டிலிருந்து கிளம்பியது. “திரி பத்துற நொடியிலதான் இது பொறக்குது. கணக்கே வேண்டாம். மறுபடி பன்னண்டுக்கு வந்தாக் கெளம்புன்னு அர்த்தம். நிக்கத் தெரிஞ்ச வாட்ச்சுங்க இது. எங்கிட்ட இருக்கற பதினொண்ணுல ஒண்ணுக்கும் நிக்கத் தெரியாது.”

அங்கப்பன் வாங்கித் தானும் இழுத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு பொன்னுவேல். பிறகு மறுபடி அங்கப்பன். “அட,” என்றார். “அட, ஆமாங்க.”

மல்லிகா கையை நீட்டிப் பிடுங்கினாள். இடது கையால் தன் நாடியைப் பிடித்துக்கொண்டு, அமுக்கி, உதடு அசைய எண்ணினாள். அவள் முகம் மலர்ந்ததைச் சிங்கராயர் பார்த்தார். அவளுக்கும் அது அத்தனை பொருத்தம். கொடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

“எனக்கு நாடி ரெண்டு விநாடி பிசகுனா மறுக்கா எண்ணிக்கலாம்,” என்றாள் கடைசியில். “உங்களுக்கு மறுக்கா எண்ண முடியாது. இந்தாங்க, போய் வெடிங்க. திரும்பி வந்தாத்தான் உங்களுது.”

அரை மணி கழிந்ததும் பெருமாள் மறுபடி விசில் அடித்தான். சிங்கராயர் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பெரிய முள் பன்னிரண்டில், சிவப்பு முள்ளும் பன்னிரண்டில், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே பாறைக்குப் பின்னால் நான்கு தலைகளும், சொன்ன பேச்சைக் கேட்காமல், நீண்டுகொண்டிருந்தன. பீடியை வைத்தார். சீறல் வந்த அதே நொடியில் பெருவிரலை அமுக்கினார்.

மூன்று குழிக்கு இருபத்துமூன்று விநாடி. நிமிர்ந்து பார்த்தார், இருபத்துமூன்று என்றது, நடந்தார், மறைவில் உட்கார்ந்தபோது ஒரு நிமிடம் முப்பத்தெட்டு என்றது. கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. மூன்று வேட்டும் கேட்டது. மணிக்கட்டை உயர்த்தி வாட்ச்சைப் பல்லில் வைத்தார். தட்டு. தட்டு. தட்டு.

ஜீப் அருகே தங்கராஜ் நோட்டை விரித்து வைத்துக் காத்திருந்தார். “மொத மாச ரிப்போர்ட்டுக்கு என்னன்னு எழுதட்டுங்க?”

“நின்னுச்சுன்னு எழுதுங்க. எதனால நின்னுச்சு, அதனால என்ன பிரயோசனம்னும் எழுதுங்க. எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டுங்க.”

தங்கராஜ் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். பிறகு பெட்டியைத் திறந்து, “இப்பிடி வையுங்க, முறைப்படி எல்லார் முன்னாலயும் எடுத்துக் குடுத்தர்றேன்,” என்றார்.

சிங்கராயர் மணிக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டார். “கழட்ட மாட்டேனுங்க. பெட்டிய வேணும்னா மல்லிகாம்மாவுக்குக் குடுங்க.”

“வெறும் பெட்டியா?” என்றாள் மல்லிகா. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்த வெல்வெட்டைத் தடவிப் பார்த்து, கைப்பைக்குள் திணித்துக்கொண்டே தங்கராஜிடம், “எனக்கு வர்ற பீஸ் எந்த மாசம்னு அதே நோட்டுல எழுதிக்கங்க,” என்றாள்.